தொண்டும் தொடர்ச்சியும்

1

பொதுப்பணியொன்று தொடங்கிய நாளைப் பற்றி எழுதியோர் பலர். அது தொடங்கி மூன்றாண்டுகள் சென்றபின், முதல்நாள் வந்த முப்பது பேரில் நால்வர் மாத்திரம் எஞ்சியிருக்கும் நாளைப் பற்றி எழுதியோர் சிலரே. வாசிகசாலை நடத்தியோரும், மாலை வகுப்பு நடத்தியோரும், சிறுசஞ்சிகையைச் சந்தாதாரர் கையிற் சேர்த்தோரும் அந்த இரண்டாவது நாளை நன்கறிவர். ஊதியமில்லாத வேலையொன்றை மனிதர்கள் எதனால் தொடங்குகிறார்கள் என்ற வினாவுக்கு விடை காண்பது எளிது. எதனால் தொடர்கிறார்கள் என்ற வினாவுக்கு விடை காண்பது அவ்வளவு எளிதன்று.

நமது காலத்தில் இவ்வினா கணினித் துறையில் மிகக் கூர்மையாக எழுந்துள்ளது. கணினியை இயக்கும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். அதனை மனிதர் எழுதி மனிதர் வாசிக்கக்கூடிய வடிவில் மூலநிரல் என்பர். வணிக நிறுவனங்கள் மூலநிரலைப் பூட்டிவைத்து, அதன் பயனை மாத்திரம் விலைக்கு விற்கின்றன. இதற்கு மாறாக, மூலநிரலை யாவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிரதி செய்து பிறர்க்கு வழங்கலாம் என்ற உரிமையோடு வெளியிடப்படுவதே கட்டற்ற மென்பொருள். உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான தொண்டர்கள், ஒருவரையொருவர் நேரிற் காணாமலே, இத்தகைய மென்பொருளைக் கூடி ஆக்குகிறார்கள். இன்று இணையத்தைத் தாங்கி நிற்கும் கணினிகளிற் பெரும்பாலானவை இவ்வுழைப்பின் மீதே இயங்குகின்றன.

இவர்கள் எதனால் உழைக்கிறார்கள்? தியாக உணர்வினால் என்று சிலர் கூறுவர். பெயரும் நல்ல உத்தியோகமும் கிடைக்கும் என்ற கணக்கினால் என்று வேறு சிலர் கூறுவர். இரண்டிலும் உண்மையின் துளிகள் உள. எனினும் தியாகிகளும் களைத்துப் போகிறார்கள். கணக்குப் பார்ப்போரும் கணக்குத் தீர்ந்தவுடன் சென்றுவிடுகிறார்கள். பணியோ சில இடங்களில் நிலைக்கிறது. வேறு சில இடங்களில் அழிகிறது. இந்த வேறுபாட்டை மனிதரின் குணத்தில் தேடுவதைக் காட்டிலும் அவர்களது உழைப்பு ஒழுங்கமைந்த முறையில் தேடுவதே பொருத்தம் என்பது நமது கருத்து. நமது சொந்த நாட்டின் வரலாற்றிலிருந்தே இதனை ஆராய்வோம்.

2

கொழும்பின் வடக்கெல்லையில், களனி கங்கையைக் கடந்தவுடன் வருவது பேலியகொடை. இன்று மீன்சந்தையாலும் மரக்கறிச் சந்தையாலும் அறியப்படும் இவ்வூரில், 1875 ஆம் ஆண்டில் இரத்மலானை ஸ்ரீ தர்மாலோக தேரர் வித்தியாலங்கார பிரிவெனாவை நிறுவினார். பாளி, சமஸ்கிருதம், சிங்களம் ஆகியவற்றைக் கற்பித்த இந்நிலையம் குடியேற்ற அரசின் ஆங்கிலக் கல்விக்கு எதிர்முனையாக வளர்ந்தது. 1927 இல் இந்தியாவிலிருந்து இங்கு வந்த அறிஞர் ஒருவர் சமஸ்கிருதம் கற்பித்துப் பாளி கற்றார். பின்னாளில் பொதுவுடைமையாளராகி, 'வால்காவிலிருந்து கங்கை வரை' என்ற நூலால் தமிழ் வாசகரின் நெஞ்சிலும் இடம்பெற்ற ராகுல சாங்கிருத்தியாயனே அவர். பிரிவெனா 1959 இல் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகமாயிற்று. களனிப் பல்கலைக்கழகம் அதன் வழிவந்ததே.

பிரிவெனாக்களில் ஆசிரியராயிருந்த துறவிகள் சம்பளத்துக்காகக் கற்பித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் பட்டினி கிடந்து கற்பித்தவர்களும் அல்லர். அயலூர்களின் உழவரும் வணிகரும் முறைவைத்து அன்னதானம் வழங்கினர். தாயக சபைகள் கட்டடங்களைப் பராமரித்தன. நமது கண்ணுக்குத் துறவியின் தன்னலமறுப்புத் தெரிகிறது. அதன் பின்னே நின்ற உழவனின் நெல் தெரிவதில்லை. தொண்டுக்கும் ஒரு பொருளாதாரம் உண்டென்பது இதிலிருந்து நாம் பெறும் முதற் பாடம்.

இரண்டாவது பாடத்தை நமது குளங்கள் தருகின்றன. பழைய ஆட்சியில் குளக்கட்டுகளைத் திருத்தும் வேலை இராசகாரியம் என்ற கட்டாய உழைப்பினால் நடைபெற்றது. 1832 இல், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையை அடுத்து, பிரித்தானிய ஆட்சி இராசகாரியத்தை ஒழித்தது. கட்டாய உழைப்பு ஒழிந்தது நியாயமே. ஆனால் அதன் இடத்தில் வேறெந்த அமைப்பும் ஏற்படுத்தப்படவில்லை. குளக்கட்டுகள் உடைந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன, வயல்கள் தரிசாயின. ஊர்மக்களின் மரபுவழிச் சபைகளுக்கு நீர்ப்பாசனத்தில் மீண்டும் அதிகாரமளிக்கும் சட்டம் தேசாதிபதி ஹென்றி வோர்ட் காலத்தில், 1856 இல்தான் வந்தது. இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளில் உழவர்கள் திடீரெனச் சோம்பேறிகளாகிவிடவில்லை. கூடி உழைப்பதற்கான ஒழுங்கு குலைந்தது. ஆகவே உழைப்பும் சிதறியது.

1958 இல் கொழும்பு நாலந்தா கல்லூரியின் மாணவர்களை ஏ.ரி.ஆரியரத்ன கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கு நடந்த சிரமதான முகாமே சர்வோதய இயக்கத்தின் தோற்றுவாய். சிரமதானம் என்ற சொல் அதன்பின் இந்நாட்டின் மூலைமுடுக்கெங்கும் பரவியது. ஒருநாள் கூடுவது, அன்று மாலையே வெட்டிய வாய்க்காலைக் கண்ணாற் காண்பது, உடனிருந்து உண்பது ஆகியனவே அதன் கவர்ச்சி. ஆயின் அடுத்த மாரியில் அதே வாய்க்காலைத் தூர்வாரப் போவது யார் என்ற வினாவுக்கு ஒருநாட் சிரமதானத்தில் விடை இல்லை. நமது காலத்துக் கணினித் தொண்டும் இதே வினாவையே எதிர்கொண்டது.

3

1983 செப்டெம்பரில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாவர்க்கும் உரிய ஓர் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். குனூ என்பது அத்திட்டத்தின் பெயர். அவர் ஆக்கிய மென்பொருட்களைவிட அவர் வகுத்த உரிமமே வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது. இம்மென்பொருளைத் திருத்தி வெளியிடுபவர் தமது திருத்தங்களையும் அதே உரிமையோடு வெளியிடவேண்டும் என்பது அதன் நிபந்தனை. பொதுச்சொத்தில் ஒருவர் சேர்த்ததை மற்றொருவர் வேலியடைத்துக்கொள்ள முடியாது. தமது உழைப்பு களவாடப்படாது என்ற உறுதி தொண்டனுக்குக் கிடைத்தது. உற்சாகத்தின் அடித்தளம் இத்தகைய உறுதியே என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கருவை வெளியிட்டார். முற்றுப்பெறாத நிலையிலேயே அதனை வெளியிட்டு, பிறர் அனுப்பிய திருத்தங்களை விரைந்து சேர்த்துக்கொண்டார். அனுப்பிய திருத்தம் சில நாட்களில் உலகெங்கும் பயன்படுவதைக் கண்ட ஒருவர் மீண்டும் அனுப்பினார். 1993 இல் தொடங்கிய டெபியன் என்ற திட்டம் மற்றொரு படி முன்சென்றது. தனது கொள்கைகளை 1997 இல் ஒரு சமுதாய ஒப்பந்தமாக எழுதிவைத்தது. அதன் தலைவரை உறுப்பினர் ஆண்டுதோறும் வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். தொடங்கிய மனிதர் விலகியபின்னும் டெபியன் முப்பதாண்டுகளைத் தாண்டி வாழ்வதற்கு இவ்வொழுங்கு ஒரு முக்கிய காரணம்.

இவ்வியக்கத்தின் அலை இலங்கையையும் எட்டியது. 2003 இல் சஞ்ஜீவ வீரவரண முதலானோரின் முயற்சியால் கொழும்பில் லங்கா மென்பொருள் நிறுவகம் தோன்றியது. பிறநாட்டார் ஆக்கியதைப் பயன்படுத்துவோராக மாத்திரம் இலங்கையர் இருத்தலாகாது, ஆக்குவோராகவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். அது தோன்றி ஓராண்டு கழியுமுன்னரோ கழிந்த சிறிது காலத்திலோ தன் திறமையைக் காட்டவேண்டிய கொடிய வேளை வந்தது.

4

2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரத்தைத் தாக்கியது. முல்லைத்தீவு முதல் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாந்தோட்டை, காலி வரை 30,000 க்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். பல இலட்சம் மக்கள் வீடிழந்தனர். பாடசாலைகளும் கோவில்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் ஒரே இரவில் முகாம்களாயின. உணவும் துணியும் மருந்தும் எங்கெங்கோ இருந்து வந்தன. எந்த முகாமில் எத்தனை பேர், எதற்குத் தட்டுப்பாடு, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்ற விவரம் ஒருவரிடமும் முழுமையாக இல்லை. ஒரே முகாமுக்கு மூன்று லொறிகளில் பாண் வந்திறங்க, பக்கத்து முகாம் பட்டினி கிடக்கும் அவலம் இத்தகைய வேளைகளில் நிகழ்வது இயல்பு. பிள்ளையைத் தேடும் தாயின் நிலையோ இன்னும் கொடிது. ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதப்படும் நாட்டில், கைப்பிரதிப் பட்டியல்களைப் புரட்டி உறவினரைக் கண்டுபிடிப்பது எவ்வாறு?

அரசு கொழும்பில் தேசிய நடவடிக்கைகளுக்கான நிலையமொன்றை அமைத்தது. அதற்குத் துணையாக, லங்கா மென்பொருள் நிறுவகத்தைச் சூழத் திரண்ட தொண்டர்கள் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினர். தனியார் மென்பொருள் கொம்பனிகளின் ஊழியர்களும் பல்கலைக்கழகத்தவரும் தம் வேலையை விட்டு இதற்கு வந்தனர். 'சஹன' என்று அதற்குப் பெயரிட்டனர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற்போனோர் பதிவு, நிவாரண அமைப்புகளின் பதிவு, முகாம்களின் பதிவு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்தும் பதிவு என நான்கு பெரும் பகுதிகள் அதற்கு அமைந்தன. வழக்கமாகப் பல மாதங்கள் எடுக்கக்கூடிய வேலை சில வாரங்களில் ஓர் உருவத்தைப் பெற்றது.

இதுவரை இக்கதை சிரமதானத்தின் கதையே. வெள்ளம் வருகையில் யாவரும் மண்வெட்டி எடுப்பர். பெருந்துயரம் மனிதரை அவர்தம் அன்றாடக் கணக்குகளிலிருந்து வெளியே இழுத்துவிடுகிறது. ஆனால் ஜனவரி கழிந்தது. கொம்பனிகள் தம் ஊழியரைத் திரும்ப அழைத்தன. மாணவர் பரீட்சைக்குச் சென்றனர். அரசு அமைத்த அவசரகால நிலையமும் நெடுநாள் நீடிக்கவில்லை. நிவாரணமோ அரசியலுக்குள் அகப்பட்டது. வடகிழக்கில் உதவியைப் பகிர்வதற்கென 2005 ஜூன் மாதத்தில் கையெழுத்தான பொதுக்கட்டமைப்பு, மறுமாதமே உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கியது. நேர்த்தியான பதிவேடு ஒன்று இருந்தால் நீதியான பங்கீடு தானாக வந்துவிடும் என்று எண்ணுவோர் இதனை ஊன்றி நோக்கவேண்டும். மென்பொருள் பசித்தவனின் பெயரைச் சொல்லும். அவனுக்குச் சோறிடுவதா என்பதை அதிகாரமே தீர்மானிக்கிறது.

அவ்வேளையிலே சஹன முடிந்த கதையாகியிருக்கலாம். அவசரத்தில் எழுதிய நிரல், அவசரம் தீர்ந்தபின் குப்பைக்குப் போவது வழக்கம். இங்கு அவ்வாறு நேராமைக்கு நான்கு காரணங்களை நாம் காண்கிறோம்.

முதலாவதாக, நிரல் கட்டற்ற உரிமத்தின் கீழ் இருந்தது. எந்த அமைச்சு மூடப்பட்டாலும், எந்தக் கொம்பனி கைவிட்டாலும், அதனை எடுத்துத் தொடரும் உரிமை உலகத்தில் எவருக்கும் இருந்தது. இரண்டாவதாக, சமிந்திர டி சில்வா முதலானோர் துணிந்து அதனைத் திரும்ப எழுதினர். 2004 இன் இலங்கைக்கு மாத்திரம் பொருந்திய ஒன்றை எந்நாட்டுக்கும் எப்பேரழிவுக்கும் பொருந்தும்படி மாற்றினர். இரண்டாம் கட்டம் என்று வழங்கும் இவ்வேலையில் கண்ணீரைத் துடைக்கும் உடனடித் திருப்தி இல்லை. சுவர் இடிந்தபின் அத்திவாரத்தை ஆய்வது போன்ற சலிப்பூட்டும் உழைப்பு இது. மூன்றாவதாக, இச்சலிப்பூட்டும் உழைப்புக்கு ஊதியம் தேடப்பட்டது. சுவீடன் அரசின் சர்வதேச அபிவிருத்தி நிறுவனம் பொருளுதவி செய்ய, ஒரு சிறு குழு முழுநேரமாக உழைத்தது. சூழ இருந்த தொண்டர்கள் இயன்ற நேரத்தில் இயன்றதைச் செய்தனர். பிரிவெனாவின் அன்னதானம் இங்கு வேறு வடிவில் வந்தது.

நான்காவது காரணம் பயன். 2005 ஒக்டோபர் 8 ஆம் நாள் காஷ்மீரைப் பூகம்பம் உலுக்கியபோது, பாகிஸ்தானின் தேசியத் தரவுத்தள, பதிவு அதிகாரசபை சஹனவைப் பயன்படுத்தியது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்சின் தென் லெய்ட்டேயில் மலைச்சரிவு ஒரு கிராமத்தைப் புதைத்தபோதும், அதே ஆண்டு மே மாதத்தில் யோக்யகர்த்தாவைப் பூகம்பம் தாக்கியபோதும் அது மீண்டும் வேலைக்கு வந்தது. ஒவ்வோரிடத்திலும் புதிய குறைகள் தெரிந்தன. புதிய கைகள் சேர்ந்தன. தாம் எழுதிய ஒரு வரி, கண்காணாத தேசத்தில் ஒருவருக்குப் பயன்பட்டது என்ற செய்தியே தொண்டனுக்கு ஊக்கமூட்டும் உணவு. பாராட்டு மடல்கள் அதற்கு ஈடாகா. 2006 ஆம் ஆண்டுக்குரிய சமுதாயப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கு வழங்கியது. அவ்விருதை அதற்கு முந்திய ஆண்டிற் பெற்றது விக்கிப்பீடியா என்பதை நினைக்கையில் இதன் பெருமை விளங்கும்.

2009 இல் சஹனவுக்கெனத் தனி அறக்கட்டளை அமெரிக்காவில் அமைந்தது. 2010 ஜனவரியில் ஹெயிட்டிப் பூகம்பத்தின்போது பலநாட்டுத் தொண்டர்கள் அதனை இயக்கினர். அவ்வேளையில் வேறொரு நிரல்மொழியில், 'ஈடன்' என்ற பெயரோடு, அது மீண்டும் ஒருமுறை புதிதாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. கொழும்பில் எழுதிய முதல் வரிகளில் எத்தனை எஞ்சின என்று கேட்பது வீண். பணியின் மையம் கொழும்பை விட்டு நகர்ந்தமை குறித்து நமக்குள் ஒரு வருத்தம் எழலாம். இந்நாடு தான் பெற்ற பிள்ளையைத் தானே வளர்க்கத் தவறியது என்று கூறுவோரும் உளர்; அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. எனினும், தொடங்கியோர் கையிலிருந்து வேறு கைகளுக்கு மாறியும் அழியாது நின்றமையே அது பொதுச்சொத்து என்பதற்குச் சான்று.

5

ஆழிப்பேரலையின் வடு ஆறாத அந்த 2005 ஜனவரியிலேயே, இலங்கைத் தமிழ் இளைஞர் சிலர் வேறொரு பணியைத் தொடங்கினர். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்து யாவர்க்கும் இலவசமாக வழங்கும் 'நூலகம்' திட்டமே அது. 1998 பொங்கலன்று கு.கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கிய மதுரைத் திட்டம் அதற்கு ஒரு முன்மாதிரி. 1981 இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராகின. அச்சாம்பரின் நினைவு இம்முயற்சியின் பின்னே நின்றது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சஹன வெள்ளம்போலத் தொடங்கியது. நூலகம் ஊற்றுப்போலத் தொடங்கியது. அதனால் அது எதிர்கொண்ட சிக்கலும் வேறு. ஆரம்பத்தில் தொண்டர்கள் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தனர். ஒரு நூலை முடிக்கப் பல வாரங்கள் செல்லும். இடையில் களைத்தவர் கைவிட்ட நூல் அரைகுறையாகக் கிடக்கும். பின்னர் பக்கங்களை அப்படியே ஒளிவருடிச் சேர்க்கும் முறைக்கு மாறினர். இதனால் ஒருவர் செய்யவேண்டிய வேலையின் அளவு சிறுத்தது. ஒரு மாலைப்பொழுதில் ஒரு சஞ்சிகையின் ஓர் இதழை முடித்துவிடலாம். அன்றைய உழைப்பின் பலனை அன்றே காணலாம். பட்டியலிடுவதற்கும் வகுப்பதற்கும் விக்கிப்பீடியாவை இயக்கும் அதே கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொண்டனர். பிறர் வெட்டிய குளத்திலிருந்து இவர்கள் தம் வயலுக்கு நீர் பாய்ச்சினர்.

தொண்டர் குழுவாகத் தொடங்கியது பின்னர் பதிவுபெற்ற நிறுவனமாயிற்று. வெள்ளவத்தையில் அலுவலகம் அமைந்தது. உள்நாட்டினரும் புலம்பெயர்ந்தோரும் அனுப்பிய நன்கொடையிலிருந்து, ஒளிவருடல் போன்ற ஓயாத வேலைக்குச் சம்பளம் பெறும் ஊழியர் அமர்த்தப்பட்டனர். சம்பளம் வந்தால் தொண்டின் தூய்மை கெடும் என்று அஞ்சுவோர் எப்போதும் உண்டு. நாள்தோறும் எட்டு மணிநேரம் பழந்தாளைப் புரட்டும் ஓர் இளம்பெண்ணிடம் இலவச உழைப்பைக் கேட்பதில் என்ன தூய்மை இருக்கிறது? எவ்வேலையைத் தொண்டாகக் கேட்பது, எவ்வேலைக்கு ஊதியம் கொடுப்பது என்று பிரித்தறிவதே அறிவுடைமை. இன்று அச்சேகரத்தில் ஆவணங்களின் தொகை இலட்சத்தைத் தாண்டிவிட்டது. போர் உக்கிரமடைந்த ஆண்டுகளும், போரின் முடிவும், அதன்பின் வந்த பொருளாதார நெருக்கடியும் அதனை நிறுத்தவில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்கமும் ஈண்டு நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ.மயூரநாதன் 2003 நவம்பர் முதல், அபுதாபியிலிருந்தபடி, அதன் இடைமுகத்தைத் தமிழாக்கிக் கட்டுரைகளை எழுதிவந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்காலம் அவர் பெரும்பாலும் தனித்தே உழைத்தார். பின்னரே பிறர் சேர்ந்தனர். 2017 இல் அங்குக் கட்டுரைகள் ஓர் இலட்சமாயின. ஒருவரின் பிடிவாதம் விதையாகும் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த ஒருவரே என்றும் தனித்திருந்தால் விதை முளைத்திராது. புதிதாக வருபவர் எழுதும் பிழைமலிந்த முதற் கட்டுரையை அழித்துவிடாமல் திருத்திக் கொடுக்கும் பண்பு அங்கு வளர்ந்தமையாலேயே அது கூட்டுப்பணியாயிற்று.

6

இனி, இவ்வுழைப்பின் இருண்ட பக்கத்தையும் நோக்குவோம். 2014 ஏப்ரலில் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்' என்ற மென்பொருளில் ஒரு பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வங்கிகளும் கடைகளும் அரசுகளும் இணையவழி இரகசியத்தைக் காக்க அதனையே நம்பியிருந்தன. அதனைப் பராமரித்தோரோ கைவிரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அதற்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். கோடிக்கணக்கில் இலாபம் ஈட்டிய கொம்பனிகள், ஓட்டை வெளிப்பட்டு உலகம் கலங்கியபின்னரே பணப்பையைத் திறந்தன.

பத்தாண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், இதனினும் கொடிய ஒன்று வெளிவந்தது. லினக்ஸ் கணினிகளில் தரவுகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இசட்' என்ற சிறு கருவியை ஒரே ஒரு தொண்டர் பல்லாண்டுகளாகப் பேணிவந்தார். அவர் களைத்திருந்தார். வேலை தாமதமாகிறது, வேறொருவரிடம் கொடு என்று முகமறியாப் பெயர்களிலிருந்து நெருக்குதல் வந்தது. அதே வேளையில் உதவிக்கு வந்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேலாகப் பொறுமையுடன் உழைத்து நம்பிக்கையைப் பெற்று, இறுதியில் களவாக உள்நுழையும் வாசலொன்றை நிரலுக்குள் ஒளித்துவைத்தார். கணினியிற் புகுவதற்கு அரை விநாடி கூடுதலாகச் செல்வதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளரே அதனை வெளிப்படுத்தினார். அறிவீனத்தால் இவ்வாசல் திறந்ததன்று. தனியொருவரின் களைப்பே அதனைத் திறந்தது. தோழமையின்றிக் கைவிடப்பட்ட தொண்டன் எதிரிக்கு எளிதில் இரையாகிறான்.

இந்நிகழ்ச்சிகள் நமக்கு ஓர் உண்மையைக் காட்டுகின்றன. இன்றைய பெருமுதலாளித்துவம் தொண்டுழைப்பை எதிர்ப்பதில்லை. அதனை விலையில்லா மூலப்பொருளாக உறிஞ்சுகிறது. பொதுநிலத்தில் விளைந்த பயிரைத் தன் களஞ்சியத்தில் நிரப்பிக்கொண்டு, உழுதவனின் 'ஆர்வத்தை' வாயாரப் புகழ்கிறது. கூகிள் நிறுவனம் 2005 முதல் கோடைகாலங்களில் மாணவர்க்கு உதவித்தொகை வழங்கிக் கட்டற்ற திட்டங்களில் ஈடுபடுத்தி வந்தது. உலகின் எப்பல்கலைக்கழகத்தைக் காட்டிலும் கூடுதலான மாணவரை அதற்குப் பல ஆண்டுகள் அனுப்பியது நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே. அதனால் நமது மாணவர் பெற்ற பயிற்சி மெய்யானது. அவர்களது திறமையும் மெய்யானது. ஆயினும் கோடை முடிந்து பணம் நின்றபின் அப்பணியைத் தொடர்வதற்கு நாம் இங்கே என்ன அமைத்தோம் என்பதை நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

7

இதுவரை கண்டவற்றிலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உள. அவை கணினிப் பணிக்கு மாத்திரமன்றி, வாசிகசாலைக்கும் சஞ்சிகைக்கும் சங்கத்துக்கும் பொருந்துவன.

வேலையைச் சிறுசிறு துண்டுகளாக்க வேண்டும். புதிதாக வரும் மாணவி ஒருத்தி ஒரு மாலையில் முடிக்கக்கூடிய துண்டு ஒன்று எப்போதும் காத்திருக்கவேண்டும். அவள் செய்ததை யாரேனும் சில நாட்களுக்குள் பார்த்து மறுமொழி கூறவேண்டும். பதிலற்ற மௌனம் விரட்டிய தொண்டர்கள், கடுஞ்சொல் விரட்டியவர்களைவிடத் தொகையிற் குறைந்தவர்கள் அல்லர்.

முடிவுகளையும் காரணங்களையும் எழுதிவைக்கவேண்டும். ஒருவரின் தலைக்குள் மாத்திரம் இருக்கும் அறிவு அவரது தனியுடைமையே. அவர் எவ்வளவு நல்லவராயிருப்பினும் அது பொதுச்சொத்தாகாது. பொறுப்புகள் குறித்த காலத்தின்பின் கைமாறவேண்டும். விலகுபவரைத் துரோகி என்று தூற்றும் வழக்கம் நமது இயக்கங்களில் உண்டு. பிள்ளை பெற்றவரும், பெற்றோரைப் பராமரிப்பவரும், உத்தியோகம் தேடி நாடுகடந்தவரும் மதிப்போடு விலகவும் மதிப்போடு மீளவும் கதவு திறந்திருத்தல் வேண்டும்.

எவரும் விரும்பாத ஓயாத வேலைக்கு ஊதியம் தேடவேண்டும். அவ்வூதியம் எங்கிருந்து வருகிறது, கொடுப்பவர் எதனை எதிர்பார்க்கிறார் என்பதை உறுப்பினர் யாவரும் அறிதல் வேண்டும். பல்கலைக்கழகங்களும் கல்வித் திணைக்களமும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. பயன்படுத்துவோர் அதன் பராமரிப்பில் பங்கேற்கவேண்டுமென்று கோருவது நமது உரிமை. குளத்து நீரில் விளைவிப்பவன் குளக்கட்டுக்கு மண்சுமப்பது இந்நாட்டின் பழைய நியதி.

தமிழிலே செய்யவேண்டியவை இன்னும் மலையாகக் கிடக்கின்றன. எழுத்தை அறியும் கருவிகளும், சொற்பிழை திருத்திகளும், பாடசாலைக்கு ஏற்ற மென்பொருட்களின் தமிழாக்கமும் போதிய கைகளின்றிக் காத்திருக்கின்றன. இலாபம் தேடும் சந்தை, சிறிய மொழியின் தேவையைக் கடைசியாகவே கவனிக்கும். ஆகவே இப்பணி நமது கைகளிலேயே தங்கியுள்ளது.

களனி கங்கை பெருகும்போதெல்லாம் பேலியகொடையிலும் அயலிலும் படகு தள்ளவும் சோற்றுப்பொதி சுமக்கவும் இளைஞர்கள் இனம் பாராது திரள்கிறார்கள். நமது மக்களிடம் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. வெள்ளம் வடிந்தபின், வெயிற்காலத்தில், கரையைத் திருத்துவதற்கு முறைவைத்து வரும் ஒழுங்கையே நாம் இன்னும் போதியளவு கற்கவில்லை. அவ்வொழுங்கைக் கட்டியெழுப்பும் பணியை ஒவ்வொரு பாடசாலையிலும் ஒவ்வொரு சங்கத்திலும் இன்றே தொடங்குவோம். தொடங்கும் நாளிலேயே, நமக்குப்பின் அதனைத் தொடரப்போவோரையும் அருகில் அழைத்து அமர்த்திக்கொள்வோம்.